வேறொரு கை

செஞ்சியிலிருந்து புதுச்சேரிக்கு இருபது லிட்டர் தண்ணீர்க் கேனோடு பஸ் ஏறியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கண்டக்டர் கேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா அது?"

"தண்ணி."

"பாண்டில தண்ணி இல்லியா?"

"இது எங்க காலேஜ் தண்ணி."

அவர் கேனுக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். அந்த நாட்களில் எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

விஷயம் இதுதான். சிறுநீரகம் கெட ஆரம்பிக்கும்போது அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் ஆளைக் காப்பாற்றலாம். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முக்கிப் பார்க்கும் காகிதப் பட்டை, கசிவு அதிகமான பிறகுதான் நிறம் மாறும். அதற்கு முன்பே பிடிக்கும் பெரிய மெஷின்கள் எல்லாம் நகரத்தில் இருக்கின்றன. நர்ஸ் ஒருவரே ஊரில் உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரு புது முறையை உருவாக்க வேண்டும். அதுதான் என் ஆராய்ச்சி.

என் நைனாவும் சிறுநீரகம் கெட்டு, கால் வீங்கித்தான் செத்தார். ஊரார் மல்லாட்டைக் காடுகளில் கடலை பிடுங்கும் கூலிக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவர். அவருக்காகத்தான் இந்த ஆராய்ச்சிக்கு வந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அது பொய். புதுச்சேரியில் இருந்த என் கைடு கையில் ஒரு சாயம் இருந்தது. அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்த சார், எனக்கு இந்தத் தலைப்பைக் கொடுத்தார். யாராவது ஒரு தலைப்புக் கொடுத்தால் போதும் என்ற நிலையில் நான் இருந்தேன், வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சாயம் அல்புமினோடு ஒட்டிக்கொண்டால் நீல வெளிச்சத்தில் மினுங்க வேண்டும். அல்புமின் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வெளிச்சம். அளப்பதற்கு நானே ஒரு பெட்டி செய்தேன். ஒரு துண்டு பிவிசி பைப், உள்ளே கறுப்புப் பெயிண்ட், ஒரு பக்கம் நீல எல்இடி பல்பு, இன்னொரு பக்கம் மஞ்சள் கண்ணாடித்தாளுக்குப் பின்னால் வெளிச்சத்தை உணரும் சென்சார், அதிலிருந்து ஒயர் போய் ஒரு மீட்டர். நடுவில் டெஸ்ட் டியூபைச் செருகி மூடினால் மீட்டரில் எண் வரும். செஞ்சியில் நான் வேலை பார்த்த தனியார் கல்லூரி லேபில், ஜன்னலோரம், ராஜகிரி மலை தெரிகிற மேஜையில் அந்தப் பெட்டி ஏழு வருஷம் இருந்தது. ஆறு வருஷம் அது ஒரு எண்ணும் உருப்படியாகக் காட்டவில்லை.

ஏழாவது வருஷம் இரண்டு கடிதங்கள் வந்தன. பங்குனிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, இனி எக்ஸ்டென்ஷன் கிடையாது என்றது பல்கலைக்கழகம். டாக்டர் பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த கல்வியாண்டில் இடமில்லை என்றது கல்லூரி. அதாவது அந்தப் பெட்டிக்குள் வெளிச்சம் எரிந்தால் எனக்குப் பட்டமும் வேலையும் உண்டு. எரியாவிட்டால் இரண்டும் இல்லை.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அது எரிந்தது.

அன்றைக்குத் தலைக்குக் குளித்து, ஈரம் காயாத முடியோடு லேபுக்கு ஓடி வந்திருந்தேன். வழக்கம்போல எட்டு டியூப் வரிசை. முதல் டியூபில் அல்புமின் அதிகம், அதில் பாதி இரண்டாவதில், அதில் பாதி மூன்றாவதில். இப்படிக் குறைந்துகொண்டே போய் எட்டாவதில் வெறும் தண்ணீர். அதுவரை தண்ணீரில் கரைத்துவந்த சாயத்தை அந்த முறைதான் ஸ்பிரிட்டில் கரைத்திருந்தேன். அதை ஒன்று முதல் எட்டு வரை அதே வரிசையில் ஊற்றுவேன். ஒவ்வொன்றிலும் ஊற்றியதும் டியூபின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து மூன்று முறை கவிழ்த்துக் கலக்குவேன். பி.எஸ்ஸி. முதல் வருஷத்தில் எல்லோரும் அப்படித்தான் கலக்கினோம், எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் அப்படித்தான். கையுறை ஒரு பெட்டிதான் வரும், அதை ஆசிட் வேலைக்கென்று பூட்டி வைத்திருந்தோம்.

முதல் டியூபுக்கு மீட்டர் இதுவரை காட்டாத எண்ணைக் காட்டியது. இரண்டாவதுக்கு அதைவிடக் குறைவு. மூன்றாவதுக்கு இன்னும் குறைவு. எட்டாவதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டால் சரிவாக, அழகாக இறங்கியது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து சாருக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

சனிக்கிழமை திரும்பச் செய்தேன். வெளிச்சம் பாதிகூட இல்லை. திங்கட்கிழமை சுத்தமாக இல்லை. செவ்வாய்க்கிழமை மறுபடியும் ஜெகஜ்ஜோதி. புதன்கிழமை மங்கல், வியாழக்கிழமை ஒன்றுமில்லை. யாரோ என்னை வைத்து விளையாடுவது போல இருந்தது.

சாரின் லேபுக்குப் போய்ச் செய்தேன். அங்கே எல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் டியூப், கையுறை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். எட்டு டியூபும் செத்துக் கிடந்தன. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "உங்க ஊர் தண்ணில உப்பு ஜாஸ்தி. அதுல ஏதாவது இருக்கும்மா" என்றார். அதனால்தான் அந்தக் கேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி இடுப்பொடியத் தூக்கிப் போய் அந்தத் தண்ணீரில் செய்தேன். அதிலும் செத்துத்தான் கிடந்தது. மீதித் தண்ணீரை அவர் லேப் வாசலில் இருந்த குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு திரும்பினேன். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்தேன்.

கரண்ட்டைச் சந்தேகப்பட்டேன், பேட்டரி வைத்துப் பார்த்தேன். வெயிலைச் சந்தேகப்பட்டேன், டியூப்களை ஐஸில் வைத்துப் பார்த்தேன். சாயத்தை, பல்பை, சென்சாரை, கடைசியில் என் கண்ணையே சந்தேகப்பட்டேன். வீட்டில் சோறு குழைந்தது, குழம்பு தீய்ந்தது, என் வீட்டுக்காரர் குறை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து போனார். பட்டம் போனால் போகட்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே கையை விரித்திருப்பேன். அவர் சொல்லவில்லை. எங்கள் தெருவில் கல்லூரியில் பாடம் எடுக்கிற ஒரே பெண் நான், அதில் அவருக்கு என்னைவிடப் பெருமை.

ஒருநாள் லேபில் மாட்டியிருந்த காலண்டரில், வெளிச்சம் வந்த நாட்களுக்கு நான் போட்டிருந்த டிக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் செவ்வாயும் வெள்ளியும். பன்னிரண்டு வருஷம் உயிர்வேதியியல் பாடம் எடுத்தவள், ராகு காலம் பார்த்துப் பரீட்சைக்கு வரும் பிள்ளைகளைக் கிண்டல் செய்தவள், ஒரு வாரம் முழுக்க அம்மனுக்கு உகந்த நாளில்தான் இது நடக்கும் என்று நம்பினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிலையில் எதைச் சொன்னாலும் நம்பியிருப்பேன்.

சாரைச் செஞ்சிக்கு வரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. அவர் வந்தார், பக்கத்தில் நின்று பார்த்தார், பெட்டி எரிந்தது. கோடு சரிந்தது. சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எழுத ஆரம்பிங்க. என் லேப்ல ஏன் வரலன்னு அப்புறம் பாத்துக்கலாம். ஆனா ஒண்ணு, நீங்க செஞ்சா மட்டும் வந்தா அது மெத்தட் இல்லம்மா. வேற ஒரு கையால செஞ்சு அந்த நம்பர்களோட டேபிளையும் தீசிஸ்ல வைக்கணும். நாளைக்கு ஒரு நர்ஸ் செய்யப்போறாங்க இல்ல?"

வேறு ஒரு கைக்கு நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் லேப் அட்டெண்டர் அக்கா தொண்டூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பத்தாவது வரை படித்தவர். இருபது வருஷமாக டியூப் கழுவி, அமிலம் ஊற்றி, பிள்ளைகளுக்குப் பிப்பெட் பிடிக்கக் காட்டிக்கொடுத்து, கை அவ்வளவு நிதானம். வீட்டுக்காரர் இறந்து பத்து வருஷம் ஆகிறது. பொட்டு வைப்பதில்லை, பூ வைப்பதில்லை. கல்லூரியில் ஆயுத பூஜை போடும்போது எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிக் கொடுத்துவிட்டுப் படி இறங்கி நின்றுகொள்வார்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா பின்னால் நகர்ந்தார். "எனக்கு வேணாம் மேடம். உங்க படிப்பு விஷயம். நல்ல காரியத்துக்கு என் கைய வெக்காதீங்க. வேற யாரையாச்சும் கூப்டுங்க."

"ராசி கீசியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. இது சயின்ஸு. யார் செஞ்சாலும் ஒரே மாதிரிதான் வரும்" என்றேன். வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன். காலண்டரில் டிக் போட்டிருந்தவளும் நான்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா செய்தார். எட்டு டியூபும் இருட்டு. நான் உடனே அதே மேஜையில் செய்தேன், எரிந்தது. அக்காவை மறுபடியும் செய்யச் சொன்னேன், இருட்டு. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. சரியாக ஊற்றினீர்களா, கணக்காக ஊற்றினீர்களா, கவனம் எங்கே இருக்கிறது என்று என்னைவிட மூத்தவரைப் பிள்ளைகள் முன்னால் கத்தினேன். அக்கா டியூப்களைக் கழுவக் கொண்டுபோனார். நான் நோட்டில் அவர் எண்களுக்கு மேலே கோடு அடித்து, செய்தவரின் பிழை என்று எழுதினேன்.

பங்குனி பிறந்துவிட்டது. அக்காவின் டேபிள் மட்டும் பாக்கி. அந்த வெள்ளிக்கிழமை அக்காவைக் கெஞ்சிக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் ஒரு டியூப், அவர் ஒரு டியூப், ஒவ்வொரு அசைவையும் பார்த்துக்கொண்டே செய்தோம். ஒரே அல்புமின், ஒரே சாயம், ஒரே தண்ணீர். என் வரிசை எரிந்து, படிப்படியாக இறங்கியது. அவர் எட்டும் எரியவில்லை. அவர் கையில் ஒரு தவறும் இல்லை, அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

டியூபைச் சரியாக உள்ளே உட்கார வைக்கவில்லையோ என்று கடைசியாக ஒரு நப்பாசை. சென்சாரைக் கழற்றினேன். மஞ்சள் கண்ணாடித்தாள் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு, "எவ்ளோ ஆழம் போவுது, வெரல விட்டுக் காட்டுங்கக்கா" என்றேன். அக்கா கட்டைவிரலை விட்டார். இருட்டில் ஒரு கறுப்பு நிழல் தெரிந்தது. "இப்டி இல்லக்கா, இன்னும் உள்ள" என்று என் கட்டைவிரலை விட்டேன்.

என் விரல் பச்சையும் மஞ்சளுமாக மின்னியது. டியூப் வாயை அடைத்த இடத்தில் மட்டும் ஒரு இருட்டு வட்டம், அதைச் சுற்றி ரேகை ரேகையாக, நகத்தோரமாக.

செவ்வாயும் வெள்ளியும் நான் மஞ்சள் உரசிப் பூசிக் குளிப்பேன். தாலிக்கயிற்றுக்குக் கட்டைவிரலால்தான் தடவுவேன். என் அம்மா செய்தார், நானும் செய்கிறேன், யோசித்துச் செய்வதில்லை. சோப்புப் போட்டாலும் அது முழுதாகப் போகாது. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். சாயத்தில் இருந்ததும் ஸ்பிரிட்தான். டியூபைக் கவிழ்க்கும்போதெல்லாம் அது என் விரலிலிருந்த மஞ்சளைக் கழுவி உள்ளே எடுத்துக்கொண்டிருந்தது.

நான் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சளும் அல்புமினோடு ஒட்டிக்கொண்டு மினுங்கும் என்று படித்திருக்கிறேன். சாயம் தோற்றால் போகட்டும், மஞ்சளே என் முறையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனசு ஓடியது. தாலிக்கயிற்றில் உரசி விரலில் திரும்ப மஞ்சள் ஏற்றிக்கொண்டு வரிசையைத் தலைகீழாகச் செய்தேன். வெறும் தண்ணீர் டியூபை முதலில் கலக்கினேன், அல்புமின் அதிகமான டியூபைக் கடைசியில்.

வெறும் தண்ணீர்தான் அதிகமாக எரிந்தது. அல்புமின் அதிகமானதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கோடு அப்படியே புரண்டு படுத்தது.

அப்புறம் யோசிக்க எதுவும் இல்லை. என் பெட்டி ஒருநாளும் அல்புமினை அளக்கவில்லை. முதல் டியூபில் என் விரலில் மஞ்சள் நிறைய, எட்டாவது டியூபுக்குள் விரல் சுத்தம். சாருக்கு அனுப்பிய அந்த அழகான கோடு, என் கட்டைவிரல் கழுவப்பட்ட கணக்கு. அக்காவின் எண்கள்தான் உண்மை. சாயம் எதோடும் ஒட்டவில்லை, ஒன்றும் எரியவில்லை என்று அவர் கை ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்லியிருக்கிறது. நான் அதன்மேல் கோடு அடித்திருக்கிறேன்.

அடுத்து நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவுக்கான டேபிளை எடுத்தேன். மஞ்சள் விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும், சார் கண்ணால் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், ஒரு பக்கம்தான் பாக்கி. பேனாவை எடுத்து என் எண்களையே கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, அக்காவின் பத்தியில் நான்கு எண்கள் எழுதினேன். பேனா நிற்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. பிறகு அவரைக் கூப்பிட்டு, கீழே ஒரு கையெழுத்துப் போடச் சொன்னேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளைப் பார்த்தார்.

"நான் செஞ்சப்ப இந்த நம்பர் வர்லியே மேடம்."

நான் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

"உங்களுக்கு ஒதவும்னா போட்றேன். எங்க போடணும்?"

பேனாவை வாங்கிக் குனிந்தும் விட்டார். என் ஒருத்திக்காக, தான் செய்யாத ஒன்றைச் செய்ததாக எழுதிக் கொடுக்க அவருக்கு ஒரு யோசனையும் இல்லை. அந்தக் குனிந்த தலையைப் பார்க்க என்னால் முடியவில்லை. தாளைப் பிடுங்கினேன், கிழித்தேன். இவ்வளவு நல்லவளா நீ என்று யாரும் கேட்க வேண்டாம். அவர் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் சமாளித்துக் கையெழுத்து வாங்கியிருப்பேன்.

சாருக்குப் போன் செய்து மஞ்சள் விஷயத்தைச் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னேன். "ஏழு வருஷம்மா" என்றார். அப்புறம், "கிளவுஸ் போட்டிருக்கலாமே" என்றார். சரி சார் என்றேன், என்னவோ இனிமேல் போடப்போவது போல. வேறு சாயம் தேடலாம், வேறு இடத்தில் பதிவு செய்யலாம் என்றெல்லாம் சொன்னார். பங்குனியில் எத்தனை நாள் மிச்சம் என்று அவருக்கும் தெரியும்.

போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே மலைமேல் வெயில் காய்ந்தது, கோட்டை பார்க்க வந்தவர்களின் வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எனக்கு அழுகைகூட வரவில்லை. தொட்டியில் அக்கா டியூப்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து போனேன்.

"அக்கா, தப்பு என் கையிலதான். என் கையில இருந்த மஞ்சாதான் எரிஞ்சுது. நீங்க செஞ்சதுதான் சரி. ஒவ்வொரு தடவயும் நீங்க செஞ்சதுதான் சரி. அன்னிக்கு உங்கள அத்தினி பேர் முன்னாடி கத்திட்டேன், மன்னிச்சிடுங்க."

அவர் குழாயை நிறுத்தினார்.

"அப்ப அந்த டாக்டர் பட்டம் வந்துடுமா மேடம்?"

"வராதுக்கா."

"வேல?"

"ஜூனோட அதுவும் இல்ல."

அக்கா ஈரக் கைகளைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று ஒன்றுவிடாமல் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் கைகளைத் தலைப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"நான் அன்னிக்கே சொன்னேன் மேடம்," என்றார், "என் கைய வெக்காதீங்கன்னு."